ஆயாவின் காகிதங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் நான் செல்லும் பல வீடுகளில் முதியவர்களின் காகிதங்கள் ரொட்டி வாங்கி வந்த பிளாஸ்டிக் பைக்குள்தான் இருக்கின்றன. பச்சை அட்டை போட்ட பழைய அடையாளப் புத்தகம், மருத்துவமனை அட்டை, கணவரின் இறப்புச் சான்றிதழ், மாநகராட்சியின் தண்ணீர்க் கட்டண ரசீது, மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோன மருத்துவர் கடிதம் ஆகிய அனைத்தையும் அதற்குள் திணித்து, வாயை முடிச்சுப் போட்டு, சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அந்த முடிச்சு அவிழும் இடத்தில்தான் என் வேலை தொடங்குகிறது.

நான் டர்பனில் மாகாண அரசின் சமூகப் பணியாளராக இருக்கிறேன். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கிடைக்க வேண்டிய சேவைகளை ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. உறவினர்கள் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால், நான் பதில் சொல்வதற்குள் "பென்ஷன் வாங்கிக் கொடுக்கிற வேலைதானே" என்று அவர்களே முடித்துவிடுவார்கள். பென்ஷன் கொடுப்பதற்கு 2006 முதல் சாசா என்று அனைவரும் அழைக்கும் தனி முகமை இருக்கிறது. சக்கர நாற்காலி அரசு மருத்துவமனையிலிருந்து வருகிறது. அடையாள அட்டை உள்துறையிடம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி விடும் பணிப்பெண்ணைத் தொண்டு நிறுவனங்கள் அனுப்புகின்றன. தண்ணீர் மாநகராட்சியின் கையில் இருக்கிறது. ஒரே மனிதருக்கு வேண்டியவை ஐந்தாறு கதவுகளுக்குப் பின்னால் பிரிந்து கிடக்கின்றன. அவற்றில் எந்தக் கதவும் என்னுடையதன்று. ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு அந்த மனிதரை வழியில் தொலைத்துவிடாமல் அழைத்துச் செல்வது மட்டுமே என்னுடையது.

இதை எனக்குப் புரிய வைத்தவர் 88 வயதான ஓர் ஆயா, அதாவது பாட்டி. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. 1937இல் டர்பன் மாநகராட்சி தன் இந்தியத் தொழிலாளர்களைக் குடியமர்த்தியிருந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் பிறந்தவர். யார் எங்கே வசிக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின்படி இந்தியர்களை அங்கிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்து சாட்ஸ்வர்த்தில் போட்ட 1960களில், கையில் ஒரு குழந்தையும் இடுப்பில் ஒரு குழந்தையுமாக இந்த மேட்டுக்கு வந்து சேர்ந்தவர். இப்போது இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார், நினைவும் தப்பிப்போய்விட்டது. அவரைப் பார்த்துக்கொள்பவர் 63 வயதான மகள். நான் அவரை அக்கா என்றுதான் அழைக்கிறேன். இரவில் இரண்டு மணிக்கு ஒரு முறையும் நான்கு மணிக்கு ஒரு முறையும் எழுந்து தாயைப் புரட்டிப் படுக்க வைக்கிறார். படுக்கைப் புண் வராமலிருக்க அது மிகவும் முக்கியம் என்று ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்ததை, நான் அறிந்து ஓர் இரவும் தவறவிட்டதில்லை.

அந்த வீட்டுக்கு நான் இரண்டு ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருந்தேன். பணிப்பெண்ணுக்கு ஏற்பாடு செய்தேன். மருந்து மாதாமாதம் வீட்டுக்கு அருகிலேயே கிடைக்க வழி செய்தேன். ஆயாவின் முதியோர் உதவித்தொகை தவறாமல் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. முதியோர் உதவித்தொகையோ மாற்றுத்திறனாளி உதவித்தொகையோ பெறும் ஒருவருக்கு எந்நேரமும் இன்னொருவர் துணை தேவைப்பட்டால், அந்தத் தொகைக்கு மேல் கிராண்ட்-இன்-எய்ட் என்ற துணைத்தொகை கிடைக்கும். 2025 ஏப்ரலில் அது மாதம் 560 ராண்டாக இருந்தது. எனக்கு முன்னால் இந்தக் கோப்பைப் பார்த்தவர் அதற்கு விண்ணப்பித்திருப்பார் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன். ஒருநாள் அந்த ரொட்டிப் பையை முழுவதுமாகக் கவிழ்த்துக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் யாருமே விண்ணப்பிக்கவில்லை என்பது தெரிந்தது.

இந்தத் தொகை தானாக வராது. விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்கும். கடந்துபோன மாதங்களுக்கு ஒரு ராண்ட்கூடக் கிடைக்காது. 2025இல் முதியோர் உதவித்தொகையே 2,300 ராண்டைச் சற்றுத்தான் தாண்டியது, 75 வயதுக்கு மேல் போனால் அதோடு 20 ராண்ட் கூடும் என்ற நிலையில் வாழும் வீட்டுக்கு, என்னுடைய கவனக்குறைவால் போன இரண்டு ஆண்டுப் பணம் எவ்வளவு பெரியது என்பதை அக்காவிடம் நானே சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை. அவர் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் ஆயாவின் போர்வையைச் சரி செய்துவிட்டு, "இப்போ எழுதிக் கொடுங்க, போதும்" என்றார். அன்றிலிருந்து நான் பார்க்கும் ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும், "இரவில் யார் எழுந்திருக்கிறார்கள்?" என்ற கேள்வியை என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். அரசாங்கப் படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது.

துணைத்தொகைக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும். அந்த அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. பையிலிருந்த பழைய சீட்டு ஒன்றில், கேட்ட கேள்விகளுக்கு நோயாளி பதில் சொல்லவில்லை என்று எழுதியிருந்தது. புதிய பரிசோதனையின்போது நான் கூடவே இருந்தேன். இளம் மருத்துவர், பொறுமையானவர். குனிந்து ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்று என்ன கிழமை என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆயா சுவரைப் பார்த்தபடி மெதுவாக, "வெள்ளிக்கிழமை, தலைக்குத் தண்ணி ஊத்தணும், குழாயில தண்ணி வந்திருச்சா?" என்றார். அன்று செவ்வாய்க்கிழமை. பதில் தவறுதான், ஆனால் பதில் வந்தது. பாரக்ஸில் பலரும் சேர்ந்து ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த காலத்தின் வெள்ளிக்கிழமையில் அவர் இருந்தார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அடுத்த கேள்விகளை என் வழியாகவே கேட்டார். பசிக்கிறதா என்று கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொன்னார். வலிக்கிறதா என்று கேட்டதற்கு இடது இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அந்த வலிக்கு அன்றே மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டது.

நினைவு தப்பும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் போய், தாய்மடியில் கேட்ட மொழி கடைசிவரை தங்கி நிற்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும்; வீட்டுக்கு வரும் பணிப்பெண் சூலு மக்களின் மொழியான இசிசூலு பேசுவார்; ஆயாவோ வருடக்கணக்காக யாரும் பேசாத தமிழுக்குள் திரும்பிப் போயிருப்பார். 1996ஆம் ஆண்டின் நம் அரசியலமைப்பு ஆறாம் பிரிவில் இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது ஆகியவற்றோடு தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அந்த மொழிகளை வளர்க்கவும் மதிக்கச் செய்யவும் வேண்டும் என்கிறது. அந்த வரியை நான் விழாக்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். அதற்கு நான் கண்ட பொருள், வலிக்கும் இடத்தை ஆயா தொட்டுக் காட்டிய அந்த நிமிடம்தான். இப்போது தமிழ் பேசும் இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் வாரத்துக்கு ஒருமுறை இப்படிப்பட்ட வீடுகளுக்கு வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். பணிப்பெண்களுக்கும் பசி, வலி, தண்ணீர், குளிர், வயிறு, போதும், மெதுவாக என்ற சில சொற்களை எழுதிக் கொடுத்தேன். அவர்களில் ஒருவர் ஆயாவை, பாட்டி என்று பொருள்படும் கோகோ என்று தன் மொழியிலும் ஆயா என்று நம் மொழியிலும் மாற்றி மாற்றி அழைக்கிறார். ஆயா இரண்டுக்குமே திரும்பிப் பார்க்கிறார்.

இந்தத் தொகைகளைப் பிச்சையாக நினைத்துக் கூசும் முதியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் வரலாற்றைத்தான் சொல்கிறேன். இந்நாட்டில் முதியோர் பென்ஷன் 1928இல் வந்தபோது இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. 1944இல் சேர்த்துக்கொண்டபோது வெள்ளையர்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகவே கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே தொகை என்பது 1993இல்தான் வந்தது. ஆண்களுக்கு 65 என்றிருந்த வயது 2010இல்தான் பெண்களைப் போல 60 ஆனது. நம் ஆயா 60 வயதை எட்டிய 1997இல் அந்தச் சமத்துவத்துக்கு நான்கு வயதுதான். அவருடைய பாட்டி கரும்புத் தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்து, எந்த உதவியும் இல்லாமல் கண்ணை மூடியவர்.

மாற்றுத்திறனாளிகளின் வீடுகளில் வேறுவிதமான சிக்கல். சாட்ஸ்வர்த் மேடும் பள்ளமுமான ஊர். சரிவில் கட்டிய வீடுகளுக்குத் தெருவிலிருந்து படிகளில்தான் ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வேண்டும். சர்க்கரை நோயால் வலது காலை இழந்த 52 வயதுக்காரர் ஒருவருக்கு மருத்துவமனை நல்ல சக்கர நாற்காலி கொடுத்தது. அவர் வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே 23 படிகள். எட்டு மாதம் அந்த நாற்காலி வரவேற்பறையில் துணி காயப்போடும் இடமாக இருந்தது. அவருக்கு வந்த தற்காலிக மாற்றுத்திறனாளி உதவித்தொகை அதற்குள் முடிந்துவிட்டது. அது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரைதான் வரும், தொடர வேண்டுமானால் மறுபடி விண்ணப்பித்து மறுபடி பரிசோதனைக்குப் போகவேண்டும். பரிசோதனைக்குப் போக முதலில் படி இறங்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் முன்கூட்டியே சொல்லி வரவழைக்கும் மாநகராட்சியின் டயல்-அ-ரைடு வண்டி வாசல்வரைதான் வரும், படியேறி வராது. கடைசியில் பக்கத்துக் கோவிலில் காவடி தூக்கும் இளைஞர்கள் நான்கு பேர் மாதத்துக்கு இருமுறை அவரைத் தூக்கி இறக்க முன்வந்தார்கள். சாய்தளத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. அந்த இளைஞர்களை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனாலும் ஒரு மனிதர் மருத்துவமனைக்குப் போவது நான்கு பேருடைய ஓய்வு நாளைப் பொறுத்திருக்கக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். 2007இலேயே ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்ற நாடு இது.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனிலும் சுற்றுப்புறங்களிலும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு பல பகுதிகளில் நீண்ட நாள்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் வண்டி தெருமுனையில் நிற்கும். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தவர்களுக்குத்தான் அது வண்டி. படுக்கையில் இருப்பவர்கள், தனியாக இருப்பவர்கள், இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டியவர்கள் ஆகியோரின் விவரம் அன்று எந்தக் கணினியிலும் ஒரே இடத்தில் இல்லை. என் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் தெருத் தெருவாகத் தொண்டர்களை அனுப்பினோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடன் கொடுத்த மஷோனிசாவிடம், அதாவது தெருவில் வட்டிக்குக் கொடுப்பவரிடம், பென்ஷன் அட்டையையும் ரகசிய எண்ணையும் அடகு வைத்துவிட்டு, மாதத்தின் முதல் நாள்களில் அவர் எடுத்தது போக மிச்சத்தை வாங்கிக்கொள்ளும் முதியவர்கள் இருக்கிறார்கள். அப்படி அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதை 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் தடை செய்கிறது. அட்டையை வைத்திருப்பவர் மகனாகவோ பேரனாகவோ இருந்தாலும், முதியவரின் பணத்தைச் சுரண்டுவது 2010இல் நடைமுறைக்கு வந்த முதியோர் சட்டத்தின்படி வன்கொடுமைதான். சந்தேகம் வந்த எவரும் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். "குடும்ப விஷயம், நமக்கென்ன" என்று பக்கத்து வீட்டார் ஒதுங்குவது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

ஆயாவின் துணைத்தொகை அனுமதியாகிவிட்டது. முதல் மாதப் பணம் வந்ததும் அக்கா ஒரு பெண்ணை இரண்டு அரை நாளுக்கு ஆயாவுக்குத் துணையாக உட்கார வைத்தார். முதல் அரை நாள், வருடக்கணக்காக வலித்துக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். இரண்டாவது அரை நாள் கிளினிக்குக்குப் போய் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டார். அளவு மிக அதிகமாக இருந்தது. சென்ற வாரம் நான் போனபோது அந்தச் சீட்டை அவர் தாயின் ரொட்டிப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். அதை வெளியே எடுத்து, அக்காவின் பெயரில் தனியாக ஒரு கோப்பைத் திறந்து, "இரவில் யார் எழுந்திருக்கிறார்கள்?" என்று முதல் பக்கத்தில் எழுதினேன்.