எம்ஜிபி ரோட்ஸ்டரை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவந்த அனுபவம்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படும் நண்பர்கள் பெரும்பாலும் என்னிடம் இன்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "கதவுக்குக் கீழே குனிந்து பார்த்தீர்களா?" எம்ஜிபி விஷயத்தில் இன்ஜின் கடைசிக் கவலைதான். உதிரி பாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது, வீட்டிலேயே கழற்றி மாட்டலாம். தகரம் போய்விட்டால்தான் கார் போச்சு. என்னுடைய 1966 மாடல் ரோட்ஸ்டருக்குச் செலவிட்ட நேரத்தில் பாதிக்கு மேல் தகரத்துக்கே போனது. அதனால் இந்த அனுபவத்திலும் அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில், டிட்காட்டில். பக்கத்து ஊரான அபிங்டனில்தான் 1962 முதல் எம்ஜிபி செய்தார்கள். 1980 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். கூரை வைத்த ஜிடி மாடலையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அங்கிருந்து வெளியே போயின. இவ்வளவு எண்ணிக்கையில் செய்ததால்தான் அறுபது வருடம் கழித்தும் இதற்கு ஒரு சின்ன கிளிப் வேண்டுமென்றாலும் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் பழைய தயாரிப்புப் பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன. சேஸி எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால், கார் எப்போது கட்டப்பட்டது, என்ன நிறம், இன்ஜின் எண் என்ன, எந்த நாட்டுக்குப் போனது என்று சான்றிதழ் தருவார்கள். என் கார் உள்நாட்டில் விற்ற கார், நிறம் டார்ட்டன் ரெட், இன்ஜின் எண்ணும் பொருந்தியது. இது தெரிந்த பிறகுதான் விலை பேசினேன்.

காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டவில்லை, கதவுக்குக் கீழே அரைகுறையாக ஒட்டியது, பின் சக்கரத்துக்கு முன்னால் திரும்பவும் ஒட்டவில்லை. பெயின்ட் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. உள்ளே தகரத்துக்குப் பதில் பட்டிதான் பூசியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சுரண்டிப் பார்த்ததும் முழுக் கதையும் தெரிந்தது. முன்பு எப்போதோ ஒரு பட்டறையில், துருப்பிடித்த 'சில்' பகுதியை (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டி) வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகரத்தைப் பொட்டுப் பொட்டாக வெல்டு அடித்து மூடியிருக்கிறார்கள். பார்வைக்குக் கச்சிதமாக இருக்கும். உள்ளே பழைய தகரம் இலை இலையாக உதிர்ந்துகொண்டிருந்தது. இந்த வேலையை நான் மன்னிப்பதில்லை. ஏனென்றால் எம்ஜிபி-க்கு அடியில் தனியாகச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். அதிலும் ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. மேலுறை இல்லாத தீப்பெட்டித் தட்டு போலத்தான் அது, கொஞ்சம் முறுக்கினாலே வளையும். அந்த முறுக்கைத் தாங்குவதற்கு இருப்பது கதவுக்குக் கீழே ஓடும் இரண்டு சில்களும் தரையின் நடுவில் மேடாகப் போகும் டனலும்தான்.

சில் என்றால் வெளியில் தெரியும் ஒற்றைத் தகடு என்றே பலர் நினைக்கிறார்கள். உள் சில், நடுவில் நிற்கும் தடுப்புத் தகடு, வெளிச் சில் என்று மூன்று அடுக்கு. அடியில் மேடும் பள்ளமுமாக வளைத்த கேஸில் ரெயில் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிறது. அந்தப் பள்ளங்கள் வழியாகத் தண்ணீர் வடிய வேண்டும். சாலைச் சேறு போய் அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். இன்னொரு எதிரி முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது. விங்குக்கு (மட்கார்டு) உள்ளே ஒரு தடுப்புப் பலகை, அதன் ஓரத்தில் ரப்பர். ரப்பர் கிழிந்ததும் சேறு அந்தப் பக்கம் போய்க் குவியும். விங்கின் அடிப்பகுதியும் சில்லின் முன்முனையும் உள்ளிருந்தே அரித்துப்போகும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது.

அப்போது என் முன்னால் இரண்டு வழி இருந்தது. விட்னியில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988 முதல் அசல் அச்சுகளை வைத்தே எம்ஜிபி-யின் முழு உடலையும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பழைய காரிலிருந்து எல்லாவற்றையும் கழற்றி அதில் மாட்டிவிடலாம். தரை, பின்பகுதி, பேட்டரிப் பெட்டிகள் எல்லாம் போய்விட்ட காருக்கு அதுதான் புத்திசாலித்தனம். என் காரில் தரை நன்றாக இருந்தது, ஸ்பிரிங் மாட்டும் இடங்களும் உறுதியாக இருந்தன. அதனால் அபிங்டனில் கட்டிய அதே உடலை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். சில் தகடுகளை மட்டும் அவர்களிடமே வாங்கினேன். மலிவான தகடும் சந்தையில் இருக்கிறது. ஆனால் வளைவு பொருந்தாமல் தட்டித் தட்டிச் சரிசெய்ய ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. வெல்டிங்குக்கு உள்ளூர்க் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்து மிக் வெல்டிங் பழகினேன். கழிவுத் தகட்டில் கை பழகின பிறகுதான் காரைத் தொட்டேன்.

வெட்டுவதற்கு முன் செய்யும் வேலைதான் இதில் உயிர்நாடி. காரின் எடை வழக்கம்போல சஸ்பென்ஷன் மேலேயே நிற்கும்படி, மட்டம் பார்த்து ஸ்டாண்டில் ஏற்றினேன். கதவைக் கழற்றி, வாசலின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டு அடித்து இறுக்கினேன். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகுதான் மறுபக்கம். முன் விங் போல்ட்டில் நிற்பதால் கழற்றிவிடலாம், ஆனால் விண்ட்ஸ்கிரீன் தூண் பக்கம் ஒளிந்திருக்கும் போல்ட்டுகள் பொறுமையைச் சோதிக்கும். பின் விங் வெல்டு செய்தது. வெளிச் சில் அதன் அடியில் நுழைந்து போவதால், விங்கின் கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் வெட்டினால்தான் சில்லின் பின்முனைக்குக் கை போகும். கதவளவுக்கு மட்டும் சில் மாற்றி முடித்துவிட்டதாகச் சொல்பவர்கள் இந்த இரண்டு முனைகளையும் அப்படியே விட்டிருப்பார்கள். வாங்கும்போது இதைக் கேட்டே ஆக வேண்டும்.

தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டு அடித்திருந்தார்கள். அந்தப் பொட்டுகளைத் துரப்பணத்தால் குடைந்து பழைய தகட்டைப் பிரித்தேன். புதுத் தகட்டில் ஓட்டை போட்டு, துத்தநாக பிரைமர் அடித்து, ஓட்டைக்குள் வெல்டு நிரப்பினேன். ஆனால் நிரந்தர வெல்டுக்கு முன்னால் ஒரு நாள் முழுக்கக் கிளாம்பிலேயே வைத்துப் பார்த்தேன். கதவை மாட்டி, மூடி, சுற்றிலும் இடைவெளியை அளந்தேன். மேலே பின்பக்கம் இடைவெளி குறுகிக் கீழே அகன்றால் கார் நடுவில் தொய்கிறது என்று அர்த்தம். ஜாக்கைக் கொஞ்சம் ஏற்றி, திரும்பக் கதவை மூடி, திரும்ப அளந்து… கதவு ஒரு விரலால் தள்ளினால் மூடும் வரை வெல்டிங் டார்ச்சை எடுக்கவில்லை. எல்லாம் முடிந்து பெயின்ட் காய்ந்ததும் சில்லுக்குள் நீண்ட குழாய் விட்டு மெழுகு பீய்ச்சினேன். கேஸில் ரெயிலின் பள்ளம் ஒவ்வொன்றிலும் அது வழிந்து சொட்டுவதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

பெயின்டை வெளியே கொடுத்தேன், அது தனிக் கலை.

இன்ஜினுக்கு வருகிறேன். 1798 சிசி பி-சீரிஸ். இதன் தம்பியான 1489 சிசி இன்ஜின்தான் நம் ஊர் அம்பாசிடரில் பல வருடம் ஓடியது. மதுரையில் மாமாவின் அம்பாசிடருக்கு டேப்பெட் அட்ஜஸ்ட் செய்வதை, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு பானெட்டைத் திறந்ததும் அந்நியமாகவே தெரியவில்லை. எட்டு வால்வுக்கும் ஒரே கணக்கு, கூட்டினால் ஒன்பது வர வேண்டும். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும், ஆறு திறந்திருந்தால் மூன்றை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி 0.015 அங்குலம். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 2000 ஜனவரியோடு முடிந்தது. பழைய ஹெட்டில் (இன்ஜினின் வால்வுகள் இருக்கும் மேல்பகுதி) எக்சாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஹெட்டைக் கழற்றியாயிற்று என்பதால் கடினமான புது சீட் போட்டுவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் எஸ்யூ கார்புரேட்டர். இரண்டு இருக்கும். முதலில் காற்றைச் சமப்படுத்த வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்தால் 'உஸ்' சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் கேட்க வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருக்கும் சின்னப் பின்னை மேலே தள்ளி, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். வேகம் விழுந்தால் பெட்ரோல் குறைவு. ஒரு நொடி லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில் இருக்கும் ஜெட் நட்டை ஒரு முகம் திருப்புவது, திரும்பப் பின்னைத் தூக்குவது, காது கொடுத்துக் கேட்பது. இந்த இன்ஜின் தனக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டே சொல்லும். த்ராட்டில் ஸ்பிண்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தண்டு) தேய்ந்து ஆடினால் மட்டும் எவ்வளவு திருகினாலும் நிற்காது, முதலில் அதை மாற்றுங்கள்.

லூகாஸ் வயரிங்கைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். என் காரில் பார்த்த கோளாறெல்லாம் துருப்பிடித்த எர்த்தும் பச்சை பூத்த புல்லட் கனெக்டர்களும் (வயர்களை இணைக்கும் முனைகள்) தான். வயரின் நிறமே வரைபடம். பழுப்பு என்றால் எப்போதும் மின்சாரம், வெள்ளை என்றால் சாவி திருப்பினால், பச்சை அதே மின்சாரம் ஃபியூஸ் தாண்டி வந்தது, ஊதா எப்போதும் இருக்கும் மின்சாரம் ஃபியூஸ் வழியாக, கறுப்பு எர்த். சீட்டுக்குப் பின்னால் தரைக்கடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி. 1966 மாடலில் பாசிட்டிவ்தான் எர்த், அதை நான் மாற்றவில்லை. மாற்றினால் டைனமோவைத் திரும்பக் காந்தமேற்ற வேண்டும், இன்ஜின் வேகம் காட்டும் எலெக்ட்ரானிக் ரெவ் மீட்டரின் உள்ளேயும் கை வைக்க வேண்டும். மாற்றாத காரில் ஃபோன் சார்ஜர், எல்இடி பல்பு எதை மாட்டினாலும் முனை பார்த்து மாட்டுங்கள். சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து எஸ்யூ பெட்ரோல் பம்ப் 'டிக் டிக்' என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நிற்கும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது அல்லது பெட்ரோல் கசிகிறது.

பிரிட்டனில் 40 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்திர எம்ஓடி சோதனை கட்டாயமில்லை. சாலை வரியும் இல்லை. லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று, வரலாற்று வாகனமாகப் பதிவு செய்த காருக்கு யுலெஸ் என்ற புகை மாசுக் கட்டணமும் கிடையாது. நான் மட்டும் வருடாவருடம் எம்ஓடி-க்குக் கொண்டுபோகிறேன். காரை மேலே ஏற்றி வேறொரு கண் பார்ப்பது எனக்கும் சாலையில் போகிறவர்களுக்கும் நல்லது.

இப்போது நடப்பது பராமரிப்புதான். 20டபிள்யூ-50 மினரல் ஆயில். முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூன்று கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் வாய்), 3,000 மைலுக்கு ஒருமுறை என்று கையேடு சொல்கிறது. அவ்வளவு ஓட்டாவிட்டாலும் வசந்தத்திலும் குளிர்காலத்துக்கு முன்பும் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு, பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும் வரை அடிக்கிறேன். கம்பி ஆரங்கள் கொண்ட வயர் சக்கரத்தின் நடுவில் இருக்கும் பற்களைத் துடைத்துப் புது கிரீஸ் தடவுகிறேன். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் வரை இருக்கிறது, பழைய ரப்பருக்கு அது ஆகாது. ஹோஸ் எல்லாம் புது வகைக்கு மாற்றிவிட்டேன், போடுவது எத்தனால் 5 சதவீதத்துக்கு மேல் போகாத ஈ5 சூப்பர் மட்டும். சாலையில் உப்பு தூவ ஆரம்பித்தால் கார் வெளியே போகாது.

வலது பக்கக் கிங் பின்னில் (முன் சக்கரம் திரும்புவதற்கான தண்டு) லேசான ஆட்டம் வந்திருக்கிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கையில் தெரிகிறது. இந்தக் குளிர்காலத்துக்கு அந்த வேலையை வைத்திருக்கிறேன். புஷ் போட்டதும் ரீமர் (ஓட்டையைத் துல்லியமாகக் கடையும் கருவி) விட்டு அளவு எடுக்க வேண்டும், அதை மட்டும் ஒரு மெஷின் ஷாப்பில் கொடுத்துவிட்டு மற்றதை வீட்டிலேயே செய்வதாக இருக்கிறேன்.