சட்டை மட்டும் நடக்க வேண்டும்: மாயமனிதன் குறும்படம், இதுவரை

மூன்று நிமிடக் குறும்படம், மொத்தம் 14 ஷாட். கண்ணுக்குத் தெரியாத ஒருவன் முகத்தில் கட்டும் உடம்பில் சட்டையுமாக அறையில் உட்கார்ந்திருக்கிறான். கதவருகே ஆள் அரவம் கேட்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டு, ஒன்றுமே இல்லாமல் நழுவிவிடுகிறான். அவ்வளவுதான் கதை. இதுவரை 9 ஷாட் முடிந்தது, 3 பாதியில் நிற்கிறது, 2 இன்னும் தொடங்கவில்லை.

இந்தக் கதையின் வேலைக் கணக்கு தலைகீழானது. அவன் மேல் துணி இருக்கும்வரைதான் வேலையில் எங்கள் உயிர் போகும். கடைசித் துணியும் விழுந்துவிட்டால் காலி அறையைப் படம்பிடித்தால் போதும். ஆகவே ஷாட்டுகளைக் கதை வரிசையில் எடுக்காமல் பின்னாலிருந்து முன்னால் எடுத்தோம்.

காமிராவைத் தொடும் முன் அவன் எந்த விதிக்கு உட்பட்டவன் என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. 1897இல் வெளியான எச். ஜி. வெல்ஸின் 'தி இன்விசிபிள் மேன்' நாவலில் மாயமனிதனான கிரிஃபின் முதன்முதலில் மறைய வைப்பது ஒரு வெள்ளைக் கம்பளித் துணித் துண்டைத்தான். அதாவது துணியை மறைக்கவே முடியாது என்பதல்ல. இருந்தாலும் வெல்ஸ் அவனை உடுப்பில்லாமல் தெருவில் விடுகிறார். குளிர், பனி, சேறு, மூடுபனி எல்லாம் அவனுக்கு எதிரியாவது அதனால்தான். வயிற்றில் செரிக்காத ரொட்டிகூட வெளியே தெரிகிறது. சுருட்டுப் புகையை இழுத்தால் வாய், தொண்டை, மூக்குத் துளை எல்லாம் புகை வடிவில் துலங்குகின்றன. லண்டன் தெருவில் சிறுவர்கள் அவனைப் பின்தொடர்வது சேற்றில் விழும் வெறுங்கால் தடத்தை வைத்துத்தான்.

அந்த நாவலை வைத்து 1933இல் வந்த திரைப்படம் இங்கேதான் சறுக்கியது. ஆடையே இல்லாதவன் பனியில் நடக்கிறான், ஆனால் விழுவது ஷூ தடம்! அந்தப் படத்தின் மற்ற தந்திரங்களை இன்றும் தலைவணங்கிப் படிக்கலாம். அதன் தந்திரக் காட்சிகளைச் செய்த ஜான் ஃபுல்டன் நடிகரைத் தலை முதல் கால் வரை கறுப்பு வெல்வெட்டில் மூடி, அதற்கு மேல் உடுப்பை மாட்டி, கறுப்பு வெல்வெட் பின்னணியில் எடுத்தார். மிஞ்சிய பிசிறுகளை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கையால் திருத்தினார்கள். இன்று கறுப்புக்குப் பதில் பச்சை. சிக்கல்கள் என்னவோ அதே சிக்கல்கள்தான்.

நாங்கள் எழுதிக்கொண்ட விதி நாலு. உடுப்புக்கு நிழல் உண்டு, உடம்புக்குக் கிடையாது. உடுப்பு உள்ளே காலியாகத் தெரிய வேண்டும். தடம் விழுந்தால் ஐந்து விரலும் தெரியும் வெறுங்கால் தடம். உடம்பில் ஒட்டும் அழுக்கு மறையாது.

காமிரா அமைப்பு

பச்சைத்திரை வேண்டாம். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நடிகர் நிஜ அறையிலேயே நிற்கிறார், தோல் தெரியும் இடங்களில் மட்டும் பச்சை முகமூடியும் பச்சைக் கையுறையும். அந்தப் பச்சையை ஓட்டையாக்கி, அடியில் ஆளில்லாத அதே அறையின் காட்சியை வைத்தால் தலை மறைந்துவிடும். அந்த ஆளில்லாத காட்சியைத்தான் காலி பிளேட் என்கிறோம்.

டிரைபாட் இறுக்கமாக இருக்க வேண்டும், அதன் காலடியில் எடைக்கு ஒரு மணல் பை. ஃபோகஸ், ஐஎஸ்ஓ, ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் நான்கும் மேனுவல், அதாவது காமிரா தானாக மாற்றக் கூடாது. கைபேசியில் எடுப்பவர்கள் ஆட்டத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷனை மறக்காமல் அணைக்க வேண்டும். அது இயங்கினால் டிரைபாடில் இருந்தாலும் ஃப்ரேம் ஓரிரு பிக்சல் மிதக்கும், பிளேட் பொருந்தாது. நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/100 நொடி. வழக்கமான 1/50இல் கை வீசும்போது விளிம்பு குழம்பிப் பச்சையும் சட்டை நிறமும் கலந்துவிடுகிறது, பிரிக்கவே முடியவில்லை. 1/100க்குப் போனால் ஒளி பாதியாகிறது, விளக்கை அதற்கேற்பக் கூட்ட வேண்டும். 4கே-யில் எடுத்து 1080-ல் வெளியிடுவதும் விளிம்புக்காகத்தான். பெரும்பாலான காமிராக்கள் நிறத் தகவலைக் கால்வாசியாகச் சுருக்கிச் சேமிக்கின்றன, அதனால் பச்சையின் ஓரம் படிக்கட்டாக உடைகிறது. பாதியாகச் சிறிதாக்கும்போது அந்தப் படிக்கட்டு அடங்கிவிடும்.

காலி பிளேட்டை ஒவ்வொரு டேக் முடிந்த கையோடு 15 நொடி எடுக்க வேண்டும். காலையில் ஒரு முறை எடுத்துவிட்டு நாள் முழுக்கப் பயன்படுத்தலாம் என்பது வீண் ஆசை. ஜன்னல் வெளிச்சம் நகர்ந்து, தலை இருந்த இடத்தில் மட்டும் சுவர் வேறு நிறத்தில் நின்றது. இன்னொன்று, பிளேட்டாக ஒற்றை ஃப்ரேமை உறைய வைக்கக் கூடாது. சுற்றியுள்ள படத்தில் நாய்ஸ் என்ற பொடிப் புள்ளிகள் துள்ளிக்கொண்டிருக்க, தலை இருந்த வட்டம் மட்டும் செத்துக் கிடக்கும். காரணம் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண் சரியாக அங்கேதான் போய் நிற்கும்.

தலையை அழிப்பது சுலபம், நிழலை அழிப்பதுதான் வேலை

டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில், காட்சிகளை அடுக்கடுக்காகச் சேர்க்க உள்ள ஃபியூஷன் பக்கம் இதற்குப் போதும். முதல் சுற்றில் டெல்டா கீயரை, அதாவது ஒரு நிறத்தை ஓட்டையாக்கும் (கீ போடும்) கருவியை, மொத்தப் படத்துக்கும் போட்டதில் பாதி அறை ஓட்டையானது. முகமூடியின் ஒளிபடும் பக்கம் ஒரு பச்சை, நிழல் பக்கம் வேறு பச்சை. இரண்டையும் பிடிக்கும் அளவுக்கு கீயைத் தளர்த்தினால் சட்டையும் கரைகிறது.

பிறகுதான் உறைத்தது, தலையின் முக்கால் பங்குக்கு கீயே தேவையில்லை. தலைக்குப் பின்னால் சுவர்தானே இருக்கிறது? தலையைச் சுற்றித் தாராளமாக ஒரு மாஸ்க், அதாவது எல்லைக்கோடு, வரைந்து அதற்குள் பிளேட்டைக் காட்டினால் போதும். கீ தேவைப்படுவது கழுத்தும் காலரும் சந்திக்கும் கோட்டிலும், மணிக்கட்டும் கஃபும் சந்திக்கும் கோட்டிலும் மட்டும். வேலை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

நிழலை யாரும் சொல்லித் தருவதில்லை. கீ பச்சையைத்தான் அழிக்கும். சுவரில் விழுந்த தலை நிழல் பச்சை அல்லவே. சட்டை தலையில்லாமல் நிற்கிறது, பின்சுவரில் தலையோடு நிழல் ஆடுகிறது. பேய்ப் படத்துக்குச் சரி, இதற்குச் சரிவராது. நடிகரைச் சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளி நிறுத்தி, முக்கிய விளக்கைப் பக்கவாட்டில் வைத்ததும் நிழல் ஃப்ரேமுக்கு வெளியே போனது. தரையில் விழும் மிச்ச நிழலில் தலைப் பகுதியை மட்டும் மாஸ்க் போட்டு பிளேட்டால் மூடினோம்.

காலருக்கு உள்ளே என்ன தெரிகிறது?

தலை போனதும் காலர் ஓட்டை வழியே பின்சுவர் தெரிந்தது. அது தவறு. தெரிய வேண்டியது காலரின் பின்பக்க உள்முகம். படப்பிடிப்பின்போது அதைக் கழுத்து மறைத்திருந்ததால் அது பதிவாகவே இல்லை. தனியாக எடுத்துச் செருக வேண்டும்.

அதே சட்டையை ஹேங்கரில் மாட்டி, காலருக்குள் 2 மி.மீ. கம்பி வளைத்துத் திறந்த நிலையில் நிறுத்தி, அதே உயரம், அதே கோணம், அதே விளக்கில் எடுத்தோம். தையல் பொம்மையில் மாட்டினால் கழுத்துக் கட்டை ஓட்டையை அடைத்துவிடும். அடுக்கு இப்படி: அடியில் காலி பிளேட், நடுவில் காலர் உள்முகம், மேலே நடிகரின் டேக். நடு அடுக்கு சட்டையோடு சேர்ந்து அசைய வேண்டும், அதற்கு, ஒரு பரப்பின் அசைவைப் பின்தொடரும் பிளானார் டிராக்கர். முதலில் தேர்ந்தெடுத்தது அடர் நீல வெற்றுச் சட்டை. பச்சை அதில் கறை போடாது என்பது சரிதான், ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் இல்லாமல் டிராக்கர் வழுக்கிக்கொண்டே போனது. பொடிக் கட்டம் போட்டதை மாட்டினால் அலையலையாக மினுங்கியது. 2 செ.மீ. அளவுள்ள பெரிய கட்டம்தான் இரண்டுக்கும் தோதாக அமைந்தது. வெள்ளைச் சட்டை பக்கமே போக வேண்டாம், முகமூடியின் பச்சை காலர் முழுக்கப் பிரதிபலிக்கும்.

உள்முகத்தை 30 சதவீதம் இருட்டாக்கியதும் ஆழம் வந்தது. காலருக்குள் இருந்த அளவுச் சீட்டைப் பிய்க்காமல் விட்டோம். எங்களுக்குப் பிடித்த விவரம் அதுதான். சீட்டு தெரியும்போதுதான் 'அட, உள்ளே யாரும் இல்லை' என்பது நிஜமாகவே தோன்றுகிறது.

பொத்தான் கழற்றும் ஷாட்

முதலில் எடுத்த விதம் சரிவராமல் தூக்கி எறிந்த இரண்டு ஷாட்டில் ஒன்று இது. பச்சைக் கை மார்புக்குக் குறுக்கே போகிறது. கீ போட்டால் கை மறைவதோடு, கை மறைத்திருந்த சட்டைப் பகுதியும் ஓட்டையாகிப் பின்சுவர் தெரிகிறது. அந்த இடத்துச் சட்டை எந்த ஃப்ரேமிலும் இல்லை, துணியோ ஒவ்வொரு கணமும் மடிப்பு மாறுகிறது. கை இல்லாத ஃப்ரேமிலிருந்து ஒட்டுப் போட்டுப் பார்த்தோம், 6 நொடி ஷாட்டுக்கு 150 ஃப்ரேம், ஒவ்வொன்றிலும் கட்டம் பொருந்தாமல் தையல் விட்டது.

மாற்று வழி கையையே ஒழிப்பது. காஜாக்களைக் கத்தரியால் சற்றுப் பெரிதாக்கி, ஒவ்வொரு பொத்தான் பட்டையிலும் 0.2 மி.மீ. நைலான் இழையைக் கட்டி, ஃப்ரேமுக்கு வெளியே நின்று ஒருவர் மேலிருந்து கீழாக இழுத்தார். நைலான் விளக்கில் பளபளக்கும், கறுப்பு மார்க்கரை ஒரு முறை ஓட்டினால் அடங்கும். கை இருக்க வேண்டிய இடத்தில் துணி சற்றுக் குழிய வேண்டும். அதற்கு நடிகர் உள்ளிருந்து வயிற்றை இழுத்துக்கொண்டார், அது போதுமானதாக இருந்தது. கை குறுக்கே வராத அசைவுகளை, அதாவது தோளிலிருந்து சட்டையை நழுவ விடுவது, கஃபைப் பிடித்து உருவுவது போன்றவற்றை, பச்சைக் கையுறையோடே செய்யலாம்.

முகக் கட்டு

மெல்லிய காஸ் துணி உதவாது. பச்சை ஊடுருவித் தெரிய, கீ கட்டையும் சேர்த்துத் தின்கிறது. 8 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ் மூன்று சுருள், ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூடும்படி. கட்டை அவிழ்க்க அவிழ்க்க எதிர்ப்பக்கச் சுற்றின் உட்புறம் தெரிய வேண்டும், மறுபடியும் காலர் சிக்கலேதான். இதற்கு ஒரு பலூனைச் சுற்றளவு 58 செ.மீ. வரும்வரை ஊதி, அதன்மேல் அதே முறையில் கட்டி, வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து தடவி, ஓர் இரவு காய விட்டோம். பலூனை உடைத்ததும் உள்ளே காலியான கட்டுத் தலை கையில் வந்தது. சீக்கிரம் உடைத்தால் மோவாய்ப் பக்கம் தொய்ந்துவிடும். முதல் ஓடு அப்படித்தான் போனது. மூக்குக்குக் காகித உருண்டை ஒன்றைக் கட்டுவதற்கு முன்பே பலூனில் ஒட்டிவிட வேண்டும்.

கறுப்புக் கண்ணாடியில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. காதின் பின்னால் வளையும் கொக்கி முனை பச்சைக் காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. கீ போட்டதும் கண்ணாடிக் கம்பி பாதியிலேயே முடிகிறது. கம்பியை முகமூடிக்கு வெளியே, காதுக்கு மேலே இருபக்கப் பசை நாடாவால் ஒட்டியதும் முழுதாகத் தெரிந்தது.

வெறுங்கால் தடம்

எல்லாம் கழற்றிய பிறகு வரும் ஷாட், எங்களுக்கு மிகச் சுலபமாக முடிந்ததும் இதுதான். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 3 செ.மீ. கனத்துக்கு மணல். கேட்கச் சின்னதாக இருக்கும், தூக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 140 கிலோ. உலர்ந்த மணலில் விரல் தடம் சரிந்துவிடும், தெளித்து ஈரமாக்க வேண்டும். விளக்கைத் தரையோடு தரையாக, 15 டிகிரி சாய்வில் வைக்க வேண்டும். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் தடம் இருந்தும் இல்லாதது போலத்தான்.

முதலில் தடமில்லாத மணல் 20 நொடி. பிறகு ஒருவர் வெறுங்காலோடு ஓரத்தில் நுழைந்து, 70 செ.மீ. எட்டு வைத்து நடந்து, மறுபக்கம் வெளியேறுகிறார். அவர் போனபின் தடமுள்ள மணல் 20 நொடி. தொகுப்பில் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு மாஸ்க். இயல்பான நடைக்கு நொடிக்கு இரண்டு அடி என்று 12, 13 ஃப்ரேமுக்கு ஒரு தடம் திறக்கிறது. ஒரே ஃப்ரேமில் முழுத் தடமும் முளைத்தால் முத்திரை குத்துவது போல இருக்கிறது. குதிகால் முதல் ஃப்ரேமில், உள்ளங்கால் மூன்றாவதில், விரல்கள் ஐந்தாவதில் என்று பிரித்ததும் எடை வந்தது.

ஒலியிலும் இதே விதி. முதல் கோர்ப்பில் பழக்கதோஷத்தில் செருப்பொலி போட்டுவிட்டு, பிறகு சிமெண்ட் தரையில் வெறுங்கால் பட்டு ஒட்டி விடுபடும் ஒலியைப் புதிதாகப் பதிந்தோம்.

பாக்கி இருப்பதில் கடினமானது கால்சட்டை. நின்றபடி ஒரு காலை உருவும்போது மற்றக் கால் குறுக்கே வந்து பொத்தான் சிக்கலைப் பெரிதாக்கித் தருகிறது, இழை கட்டி இழுத்தால் கொடியில் காயும் துணி போலத் தெரிகிறது. இப்போதைய யோசனை, மேசைக்குப் பின்னால் இடுப்புவரை மறைந்து நின்று கழற்றி, கால்சட்டையை மட்டும் மேசைக்கு மேலாக வீசுவது. அடுத்த சுற்றில் அதை எடுக்கிறோம். மேசையின் அடிப்பக்க இடைவெளியை மறைக்க முன்பக்கம் ஒரு பலகை அடிக்க வேண்டும், 120 செ.மீ.க்கு 60 செ.மீ. அளந்தாயிற்று.