நாற்காலியில் ஒரு முள்

நாற்காலியில் உட்கார்ந்ததற்காக வாழ்க்கையில் முதன்முறையாகத் திட்டு வாங்கினேன். நம்மூர்த் திட்டு இல்லை. நரைத்த தலையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு பாட்டி பக்கத்தில் வந்து நின்று, "மன்னிக்கணும், உங்களுக்குச் சிரமமில்லை என்றால்..." என்று இழுத்தார். அவர் முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன். கையில் அந்த முள் உருண்டை அப்படியே இருந்தது.

எந்த மாளிகை என்று சொல்லப்போவதில்லை. இங்கிலாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வார இறுதியில் எங்கே போகலாம் என்று அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் நேஷனல் டிரஸ்டில் சேர்ந்துவிடு என்றார்கள். பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பாதுகாத்து மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்கிற, 1895இல் தொடங்கிய அமைப்பு. வாரிசு வரியும் பராமரிப்புச் செலவும் தாங்காத பிரபுக்கள் பலர், 1937க்குப் பிறகு, வீட்டையே அதன் கையில் கொடுத்துவிட்டு ஒரு பகுதியில் குடியிருந்துகொண்டார்கள். பாகப்பிரிவினையில் கூடத்துக்குக் குறுக்கே சுவர் எழுப்புகிற ஊரிலிருந்து வந்தவளுக்கு இது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

மூன்று மாடி ஏறி இறங்கிக் கால் வலித்தது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அதன்மேல் காய்ந்த முள்பூ ஒன்று கிடந்தது. ஏதோ குழந்தை தோட்டத்தில் பறித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்து, எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதுதான் அறிவிப்புப் பலகையாம்! 'உட்காராதீர்' என்று எழுதி வைத்தால் மரியாதைக் குறைவு. முள்ளை வைத்துவிட்டால் மனிதர்கள் புரிந்துகொள்வார்கள். செடியின் பெயர் டீசல். பெட்ரோல் பங்க்கில் விற்பது இல்லை, இது வேறு. சில வீடுகளில் பைன் மரக் காய் வைக்கிறார்கள்.

அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் நாற்காலிக்குத்தான் போனது. கென்ட்டில் இக்தம் மோட் என்று பதினான்காம் நூற்றாண்டு வீடு, சுற்றிலும் அகழி. முற்றத்தில் டைடோ என்கிற செயின்ட் பெர்னார்ட் நாய்க்குக் கட்டிய பெரிய கூண்டு இருக்கிறது. அந்தக் கூண்டுக்கும் சட்டப்படி முதல்தரப் பாதுகாப்பு. அந்த வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்தது டைடோ ஒன்றுதான் என்று தோன்றியது. சர்ரேயில் கிளேர்மான்ட் தோட்டத்துக்குப் போனேன். ராபர்ட் கிளைவ் 1768இல் வாங்கிய இடம். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினார், 1774இல் செத்துப்போனார், அதில் வாழ்ந்தார் என்றே சொல்ல முடியாது. ஆற்காட்டுக் கோட்டையில் ஏறி உட்கார்ந்தவருக்குச் சொந்த வீட்டில் உட்காரக் கொடுத்துவைக்கவில்லை. (வீடு இப்போது பள்ளிக்கூடம். பிள்ளைகளாவது உட்காருகிறார்கள்.)

நம் வீட்டில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் முதல் வார்த்தையே "வாங்க, உக்காருங்க" தான். பெஞ்சில் தூசி இருக்கிறதோ இல்லையோ, முந்தானையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் காட்டுவார்கள். உட்கார விடாத வீடு என்ன வீடு என்று தொலைபேசியில் எல்லாரிடமும் புலம்பினேன். சரி, பழகிவிட்டது. இப்போது முள்ளைப் பார்த்ததும் தானாக ஒதுங்கி நடக்கிறேன்.

பழகிவிட்டது என்று எழுதும்போதுதான் நினைவு வருகிறது, முதல் வரியில் நான் சொன்னது பொய். மன்னார்குடி வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் சாய்வு நாற்காலி இருந்தது. அவர் களத்துக்குப் போன நேரம் ஏறிப் படுத்து, பாட்டியிடம் முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன். அவர் போன பிறகும் அதில் யாரும் உட்காரவில்லை. துணி நடுவில் தொய்ந்து, அவர் எழுந்துபோன மாதிரியே இருந்தது. முள்ளெல்லாம் தேவைப்படவில்லை.

அம்மா ஆறு மாத விசாவில் வந்தபோது இந்த மாளிகைகள் எதற்கும் கூட்டிப் போகவில்லை. ஹீத்ரோவுக்கு வடக்கே ஹார்மண்ட்ஸ்வொர்த் கிராமத்துத் தானியக் கொட்டகைக்குப் போனோம். கோடைகாலத்தில் சில ஞாயிறுகளில் மட்டும் திறப்பார்கள், காசு கிடையாது. 1426இல் கட்டியது. 58 மீட்டர் நீளம், முழுக்க ஓக் மரம், வெளிச்சம் குறைவு. தூண் ஒவ்வொன்றும் மண்ணில் படாமல் கல்லின்மேல் நிற்கிறது.

"நெல்லு கொட்டுற கொட்டாயைப் பாக்கவா பஸ் ஏறி வந்தோம்?" என்று அம்மா வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்து தூணைத் தட்டிப் பார்த்தாள். கரையானுக்காகக் கல் வைத்திருக்கிறானா என்றாள். ஈரத்துக்காக என்றேன். அறுத்த கதிரைக் கட்டுக் கட்டாக உள்ளேயே அடுக்கிவிட்டு, குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பார்கள் என்று விளக்கினேன். அம்மாவுக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. "மழை ஊரு. வெளிய களம் போட்டா முளைச்சுப் போயிடாதா?" கதவுகள் ஏன் இவ்வளவு உயரம் என்று நான் ஆரம்பிக்கும்போதே, "வண்டி உள்ள வரணும். தூத்த காத்து வேணும்" என்று முடித்துவிட்டாள். "எலிக்கு என்ன பண்ணினாங்கன்னு கேளு."

அங்கிருந்த தொண்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து விரித்தார். கையால் ஒரு தட்டும் தட்டினார். அம்மா உட்கார்ந்து, கழுத்தை அண்ணாந்து வெகுநேரம் கூரையைப் பார்த்தாள். மேலே விமானம் ஒன்று போனது. அது ஓய்ந்ததும் கேட்டாள்:

"தாத்தா நாற்காலி தம்பி வீட்டுல பத்திரமா இருக்குல்ல?"

சென்னையில் பால்கனி சின்னது. போன வருஷமே பழைய சாமான் கடைக்காரர் எட்டாயிரம் கொடுத்து எடுத்துப் போய்விட்டார்.

"இருக்கும்மா" என்றேன்.