பழைய காமிக்ஸ் மேசை: ஆடியிலிருந்து ஐப்பசி வரை

ஜூலை 21

ஒரு சாக்குக் கட்டு வந்திருக்கிறது. முத்து, லயன், ராணி காமிக்ஸ் என்ற தமிழ்ப் படக்கதை இதழ்கள், இடையில் ஆங்கில இந்திரஜால் காமிக்ஸ் கொஞ்சம். வந்த கட்டை நேராக அலமாரியில் வைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. ஒரு புத்தகத்தில் உயிரோடிருக்கும் வண்டு, வரிசை முழுவதையும் துளைத்துவிடும்.

வெள்ளைத் தாளை விரித்து, ஒவ்வொரு இதழையும் முதுகு கீழே இருக்கும்படி பிடித்து மெல்லத் தட்ட வேண்டும். மாவு போலப் புதுத்தூள் கொட்டினால் உள்ளே வண்டு வேலை செய்கிறது. துளை இருந்தும் தூள் இல்லை என்றால் பெரும்பாலும் பழைய சேதம். மேல்தோல் சுரண்டியதுபோல் அட்டையும் பசையும் மட்டும் போயிருந்தால் அது ராமபாணப் பூச்சி.

சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாம் ஃப்ரீசருக்கு. ஐந்தாறு இதழ்களாக ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு மூடவேண்டும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிதான் போகும் என்பதால் முழுதாக 2 வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் வேர்த்துவிடும். 24 மணி நேரம் அப்படியே கிடக்கட்டும்.

அந்துருண்டை வேண்டாம். நெடி போகாது, சில பிளாஸ்டிக் உறைகளை இளக்கும், மூடிய அறையில் ஆளுக்கும் கெடுதல். பக்கத்துக்கு நடுவே வேப்பிலை வைப்பவர்களுக்கு இலையின் அச்சு பழுப்பாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 5

பை பிரித்தாயிற்று. விலை, வரிசை எண் எல்லாம் பிறகு. முதலில் பக்கக் கணக்கு.

நடுவில் பின் அடித்த இதழில் ஒவ்வொரு தாளும் மடித்த தாள். மொத்தப் பக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, கையிலுள்ள பக்க எண்ணைக் கழித்தால் அதன் இணை வரும். 64 பக்க இதழில் 3-ம் பக்கம் கிழிந்து போயிருந்தால், அதே தாளின் மறுபாதியான 62-ம் பக்கம் பின்னில் பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். ஏமாற்றுவது நடுத்தாள்தான். 31 முதல் 34 வரை நான்கு பக்கமும் ஒன்றாகக் கழன்று போனால் கிழிசலும் இருக்காது, ஆட்டமும் இருக்காது. கதை தாவுவதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அட்டையைச் சேர்க்காமல் எண்ணிய பக்கம் நான்கால் வகுபட்டால் மட்டும் இதழ் முழுசு என்று நம்பிவிடக் கூடாது. நடுத்தாள் போனாலும் அது வகுபடும்.

அடுத்தது அடையாளம். விற்பவர் ‘மாயாவி புக்’ என்றால் அட்டைப்படம் கேளுங்கள். முத்துவில் மாயாவி என்றால் இரும்புக்கை மாயாவி, 1962-ல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய லூயிஸ் கிராண்டேல். ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் லீ ஃபாக் படைத்த முகமூடி வீரர் ஃபேன்டம். அவரே முத்துவில் வேதாளர். விலை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது.

1972 ஜனவரியில் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. மாயாவி கதைகளுக்கு மறுபதிப்புகளும் உண்டு என்பதால் கதைத் தலைப்பை மட்டும் பார்த்து வருடம் சொல்ல முடியாது. விலை, வெளியீட்டு எண், உள்ளே வரும் ‘அடுத்த வெளியீடு’ விளம்பரம், பின்னட்டை விளம்பரம் நான்கும் ஒரே காலத்தைக் காட்டவேண்டும். லயனும் ராணி காமிக்ஸும் 1984 ஜூலையில் தொடங்கியவை. அந்த முதல் இதழ்கள் இரண்டிலும் இருப்பவை லண்டன் நாளிதழ்ப் படக்கதைகள்: லயனில் சாகச நாயகி மாடஸ்டி, ராணியில் ஜேம்ஸ் பாண்ட். தினம் ஒரு வரியாக வந்த கட்டங்களைப் பக்கத்துக்கு அடுக்கியதால்தான் முன்னால் சொன்னதையே பாத்திரங்கள் அடிக்கடி மறுபடி சொல்வார்கள். அதைப் பக்கம் மாறிய கோளாறு என்று எண்ண வேண்டியதில்லை.

இந்திரஜால் வரிசையை முழுமையாக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: 123, 124 எண்கள் வேலைநிறுத்தத்தால் வெளிவரவே இல்லை. அவற்றுக்காக அலமாரியில் இடம் விட வேண்டாம்.

ஆகஸ்ட் 9

நகல் பிரச்சினை. பழுப்புத் தாளில் ஜெராக்ஸ் எடுத்து, துருப்பிடித்த பின் அடித்து விற்கும் சரக்கு சுற்றுகிறது. புத்தகத்தை விளக்குக்குச் சாய்த்துப் பிடியுங்கள். ஜெராக்ஸ் தூளான டோனர் தாளின் மேல் மினுமினுக்கும்; அச்சு மை தாளுக்குள் ஊறி மங்கலாக இருக்கும். 30 மடங்கு லென்ஸில் எழுத்தைச் சுற்றித் தூசி தெறித்த மாதிரிப் புள்ளிகள் தெரிந்தால் டோனர்தான். பின் துருவாக இருந்து, அதைத் தொடும் தாளில் துருக்கறை இல்லாவிட்டால் பின் வேறு எங்கிருந்தோ வந்தது. பழுப்பும் பேசும். நிஜமான பழுப்பு ஓரத்தில் கருத்து, உள்ளே போகப் போக வெளுக்கும். தேயிலைத் தண்ணீர் பழுப்பு பக்கம் முழுவதும் ஒரே சீராக இருக்கும்.

ஆகஸ்ட் 17

உறை. துணிக்கடைகளுக்குப் போகும் பளபள பாலிப்ரொப்பிலீன் பையே போதும், ஆனால் ஒட்டும் மூடியை வெட்டி எறிந்துவிட வேண்டும். புத்தகத்தை உருவும்போது அந்தப் பசைப்பட்டை அட்டையைக் கவ்வி, மேல்தோலோடு உரித்துவிடும். நல்ல முதலீடு என்றால் 50 மைக்ரான் பாலியஸ்டர். எக்காரணம் கொண்டும் பிவிசி கூடாது. பிளாஸ்டிக்கை மென்மையாக்க அதில் சேர்த்திருக்கும் பொருள் மையைத் தூக்கும், பின்னர் அமிலமும் கசியும்.

கடைக்காரர் சொல்வதை நம்பாமல் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிவிடுங்கள். மேலே மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் வகை. மூழ்கினால் பாலியஸ்டரோ பிவிசியோ. பிரித்தறிய, செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி சுடரில் காட்ட வேண்டும். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது, அது பிவிசி. திறந்த வெளியில் செய்யுங்கள்.

பின்னால் வைக்கும் அட்டைதான் பலர் கோட்டைவிடும் இடம். கல்யாணப் பத்திரிகை அட்டை, சட்டைப் பெட்டியின் சாம்பல் அட்டை எல்லாம் அமிலம். காகித அமிலத்தைக் காட்டும் பேனா கிடைக்கிறது. ஓரத்தில் ஒரு கோடு போட்டால் ஊதா நிறம் நின்றால் சரி, மஞ்சளானால் வேண்டாம்.

ஆகஸ்ட் 30

பின். துரு எட்டிப் பார்த்தாலே எடுத்துவிடலாம். பின் பிடுங்கும் கருவி தொடக்கூடாது. அது முதுகை இரண்டாகப் பிளக்கும். நடுப்பக்கத்தைத் திறந்து, மடிந்த கால்களுக்கு அடியில் பாலியஸ்டர் துண்டு ஒன்றைச் செருகி, மழுங்கிய மெல்லிய கத்தியால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாக உருவ வேண்டும். துரு தாளோடு ஒட்டியிருந்தால் அவசரப்படாமல் இரு பக்கமும் சிறிது சிறிதாக அசைக்கலாம். பிறகு அதே துளைகள் வழியே லினன் நூலால் தைத்து முடிச்சை உள்ளே விடுவதே மேல். புது இரும்புப் பின் அடித்தால் சில மழைக்காலத்தில் அதே கதைதான்.

செல்லோடேப்பில் இரண்டு நிலை. பசை இன்னும் இளகலாக இருந்தால் முடி உலர்த்தியின் குறைந்த சூட்டைக் காட்டி, நாடாவைத் தாளோடு தாளாகப் பின்னுக்கு மடித்து இழுக்கலாம். நேராக மேலே இழுத்தால் மை வந்துவிடும். பசை காய்ந்து நாடா தானே உதிர்ந்துவிட்டதா, மிஞ்சியது தேன் நிறக் கறை. அசிட்டோன் தடவிப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. அட்டையின் சிவப்பு ஓடினால் திரும்ப வராது. கறை இருக்கட்டும்.

செப்டம்பர் 14

பைண்டிங் தொகுதிகள். தமிழில் பழைய காமிக்ஸ் பெரும்பாலும் இப்படித்தான் பிழைத்து வந்திருக்கிறது: எட்டு, பத்து இதழ் சேர்த்துத் தைத்து, காலிகோத் துணியில் முதுகு. பிழைக்க வைத்தவர்களைக் குறை சொல்ல மனமில்லை, ஆனால் பைண்டர் கத்தி மூன்று ஓரத்தையும் சாப்பிட்டிருக்கும். வெவ்வேறு ஆண்டு இதழ்கள் நூல் பிடித்தாற்போல் ஒரே அளவில் இருந்தால் வெட்டு நடந்திருக்கிறது. பக்க எண்ணும் ஓரத்து வசனத்தின் கடைசி எழுத்தும் பார்த்தால் எவ்வளவு போயிற்று என்று தெரியும்.

பிரிப்பதா வேண்டாமா? தாளின் ஒரு மூலையை இருபுறமும் இரண்டு முறை மடித்துப் பாருங்கள், பழுதான பக்கம் ஒன்றில் மட்டும். ஒடிந்து விழுந்தால் தொகுதியைத் தொடவேண்டாம். அந்தப் பைண்டிங்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. வெட்டு ஆழமாக இருந்து அட்டைகளும் இல்லை என்றாலும் பிரித்து ஆதாயமில்லை.

பிரிப்பதென்றால்: மேலட்டையைக் காலிகோ மடிப்பில் அறுத்துத் தனியாக்குக. முதுகில் இருப்பது வச்சிரமா (எலும்பு, தோல் காய்ச்சிய பசை) மைதாப் பசையா ஃபெவிகாலா என்று பார்க்க ஈரத் துணியின் நுனியால் ஒரு நிமிடம் தொடுக. வச்சிரமும் மைதாவும் பிசுபிசுக்கும். ஃபெவிகால் ரப்பர்போல நின்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும். இளகும் பசைக்கு மெத்தில் செல்லுலோஸ் கூழ். 100 மில்லி தண்ணீருக்கு 5 கிராம். மூன்றில் ஒரு பங்கு வெந்நீரில் தூளைக் கலக்கி, மீதியைக் குளிர்ந்த நீராக ஊற்றினால் கட்டி தட்டாது. முதுகில் மட்டும் தடித்துப் பூசி, மேலே பிளாஸ்டிக் மூடி, 15 முதல் 20 நிமிடம். பிறகு மழுங்கிய கத்தியால் வழித்தால் பசை கூழோடு வரும். வராத இடத்தில் சுரண்டாமல் மறுமுறை பூசுக. அதிக நேரம் விட்டால் ஈரம் உள்ளே ஏறி, ஓரம் முழுக்கப் பழுப்பு அலை படியும்.

தையல் நூலை நீளமாக இழுக்காதீர்கள். அது ரம்பமாகத் தாளை அறுக்கும். ஒவ்வொரு துளைக்கும் இடையில் வெட்டித் துண்டு துண்டாக எடுக்க வேண்டும்.

பசை இளம் நீலமாகவோ பச்சையாகவோ இருந்தால் பைண்டர் பூச்சிக்காக மயில்துத்தம் போட்டிருக்கிறார். பூச்சி வராதது உண்மை. ஆனால் மயில்துத்தத்திலுள்ள செம்பு தாளின் சிதைவை விரைவுபடுத்தும். அந்தப் பசை முழுவதும் போகவேண்டும். கையுறை போடுங்கள்.

செப்டம்பர் 20

உலர்ந்த இதழ்களின் மடிப்பு கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானிய டிஷ்யூ தாளும் கோதுமைப் பசையும். மைதா அல்ல. அல்வாவுக்கு எடுப்பதுபோல் கோதுமைப் பால் எடுத்துத் தெளியவிட்டு, அடியில் படிந்ததை நான்கைந்து பங்கு தண்ணீரில் அரை மணி நேரம் கிளறிக் காய்ச்சி வடிகட்டியது. பசையம் (குளூட்டன்) நீங்கியதால் பூச்சிக்கு அவ்வளவு ருசிக்காது. டிஷ்யூவைக் கத்தியால் வெட்டாமல் ஈரக்கோடு போட்டுக் கிழித்தால் ஓரத்தில் நார் நிற்கும், ஒட்டியது தெரியாது.

அக்டோபர் 12

மழை தொடங்குமுன், காற்றின் ஈரப்பதம் காட்டும் ஈரமானியைச் சரிபார்க்க வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு ஈர மணல் பதத்துக்கு நனைத்து, மானியோடு ஜிப் பையில் 10, 12 மணி நேரம் மூடி வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். 80 காட்டினால் இனி எல்லாவற்றிலும் 5 கழித்துக்கொள்க.

65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம். அலமாரி அறை முழுவதையும் உலர்த்த நினைப்பது மின்கட்டணத்துக்குச் செய்யும் தானம். 30 லிட்டர் இறுகிய மூடிப் பெட்டி, ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு சிலிகா ஜெல் 200 கிராம், உள்ளே சரிபார்த்த மானி. தாளே ஈரத்தை வைத்திருப்பதால் முதல் வாரத்தில் ஜெல் சீக்கிரம் பச்சையாகும். 120 டிகிரி ஓவனில் 2 மணி நேரம் வைத்தால் பழைய நிறம் வரும். மானி 45-ஐத் தொட்டதும் பாதி ஜெல்லை எடுத்துவிடலாம். 35-க்குக் கீழே தாள் மொடமொடக்கும்.

வெளிச்சுவரை ஒட்டி எந்தப் பெட்டியும் வேண்டாம், தரையிலிருந்து 10 செ.மீ. உயரம் கட்டாயம்.

அக்டோபர் 27

ஜன்னல் சாரல் பட்ட இதழ்கள் பற்றி. செய்தித்தாள் ரகத் தாள் நனைந்தால் ஆறப்போடலாம்: விசிறிபோல் விரித்து நிறுத்தி, பக்கத்துக்குப் பக்கம் உறிஞ்சுதாள், மின்விசிறிக் காற்று நேராகப் படாமல். 2012-க்குப் பிந்தைய வண்ண லயன், முத்து இதழ்கள் ஆர்ட் பேப்பர். நனைந்து அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒரே பலகையாக ஒட்டிவிடும், பிரிக்க வழியில்லை. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்தையும் பிரித்து நடுவில் பாலியஸ்டர் துண்டு வைக்க வேண்டும். நேரமில்லையா, பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். நிதானமாக இரண்டிரண்டாக எடுத்துப் பிரிக்கலாம்.

இதழோடு வந்த ஸ்டிக்கர், போஸ்டர், சந்தா அட்டை, ஆசிரியர் கடித உறை இவற்றை இதழுக்குள் வைத்திருக்கக் கூடாது. ஸ்டிக்கரின் பசை எதிர்ப்பக்கத்தில் சதுரமாகக் கறை விடும். தனி உறையில் போட்டு, எந்த இதழ், எந்தப் பக்கத்துக்கு நடுவே இருந்தது என்று பென்சிலில் எழுதிய சீட்டு ஒன்றை உறைக்கு வெளியே வைக்க வேண்டும். மடித்த போஸ்டரை அழுத்தி நிமிர்த்த வேண்டாம். மடிப்பில் மை ஏற்கெனவே வெடித்திருக்கும். விரித்தவாறே பெரிய உறையில் படுக்க வைத்தால் சில மாதத்தில் தானாகத் தணியும்.