முழுமைத் திட்டத்தை வாய்க்காலில் இருந்து தொடங்குங்கள்

ஊரில் எந்த நிலம் எதற்கு என்று முன்கூட்டியே வரைந்து வைப்பதுதான் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்). 50,000 பேர் வாழும் ஒரு நகராட்சி 20 ஆண்டில் 75,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக வரும் 25,000 பேருக்கு எவ்வளவு நிலம் வேண்டும்? ஒன்றிய அரசின் 2014 நகரத் திட்ட வழிகாட்டி, சமவெளியில் உள்ள இந்த அளவு ஊர்களுக்கு ஹெக்டேருக்கு 100 முதல் 150 பேர் என்கிறது. 125 என்று எடுத்தால், சாலை, பள்ளி, பூங்கா எல்லாம் சேர்த்து 200 ஹெக்டேர். ஏறக்குறைய 500 ஏக்கர், அவ்வளவுதான். ஆனால் பல ஊர்களில் புறவழிச்சாலை ஓரம் மட்டும் அதைவிட அதிக நிலத்தில் மனைக்கல் நட்டுக் கிடக்கிறது. பத்து மனைக்கு ஒரு வீடு இருந்தாலும், அந்த ஒரு வீடு வரைக்கும் குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் கொண்டுபோக வேண்டியது உள்ளாட்சிதான்.

தமிழ்நாட்டின் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம் என்று வேண்டிய கருவிகள் எல்லாம் இருக்கின்றன. ஓட்டை, நில உபயோக மாற்றத்தில் இருக்கிறது. வேளாண் பகுதி என்று வரைபடத்தில் பச்சை பூசிய நிலம், சர்வே எண் சர்வே எண்ணாகக் குடியிருப்பாக மாறுகிறது. ஒவ்வொரு கோப்பும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும். மொத்தமாக எத்தனை ஏக்கர் நஞ்சை போனது என்று கூட்டிப் பார்க்கும் இடம் அந்தக் கோப்பில் இல்லை.

தண்ணீரில்தான் இது முதலில் வெடிக்கும். புறம்போக்கு வாய்க்கால் 'அ' பதிவேட்டிலும் (கிராம நிலக் கணக்கு) புலப்படத்திலும் (சர்வே எண் வாரியான அளவைப் படம்) இருக்கும். பட்டா நிலத்துக்குள் வரப்போரம் ஓடும் வயல் வாய்க்கால் பெரும்பாலும் எதிலும் இருக்காது. மேல்மடை வயல் மனையானதும் அது மண்ணுக்குள் போய்விடும். கடைமடைக்குத் தண்ணீர் நின்றுவிடும். பதிவேட்டில் உள்ள வாய்க்காலுக்கும் நிம்மதி இல்லை. 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்றால் தண்ணீர் போக 3 சதுர மீட்டர் வழி. மனைப்பிரிவுச் சாலைக்காக அதில் 600 மி.மீ. குழாய் ஒன்றைப் போட்டு மூடினால் மிச்சம் 0.28 சதுர மீட்டர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஐப்பசி மழையில் அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பதற்கு வேறு காரணம் தேடவே வேண்டாம்.

2020 தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் காவிரி டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை போன்றவற்றைத் தடுக்கிறது. பெரிய காரியம். ஆனால் தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை.

ஆகவே வரையும் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் கிராம வரைபடத்தின் மேல் ஏரி, கலங்கல் (ஏரியின் உபரி நீர் வழியும் இடம்), வரத்துக் கால்வாய், ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) இவற்றைக் குறிக்க வேண்டும். வயல் வாய்க்கால்களை நீர்ப்பாசனச் சங்கத்தாரோடு நடந்து குறிக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் அவை பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது. அடுத்து, ஏற்கெனவே அனுமதி பெற்றுக் காலியாகக் கிடக்கும் மனைகளை எண்ணித் தேவையில் கழிக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போவதால்தான் தேவை எப்போதும் ஊதித் தெரிகிறது. மீதித் தேவைக்கு மட்டும் புஞ்சை மேட்டில், பேருந்து போகும் சாலையை ஒட்டி இடம் ஒதுக்கலாம்.

வரைவு முழுமைத் திட்டம் வெளியானால் ஆட்சேபணைக்குக் குறைந்தது இரண்டு மாதம் உண்டு. "விவசாயம் பாதிக்கும்" என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. சர்வே எண், வாய்க்காலின் அகலம், அதை நம்பியிருக்கும் ஆயக்கட்டு ஏக்கர், புலப்பட நகல் இவற்றை இணைத்து எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.