வலது முழந்தாள் நிலத்தில் படவேண்டும்

கத்தோலிக்கப் பள்ளிச் சிற்றாலயத்தில், பூசையில் குருவுக்கு உதவும் பீடச்சிறுவராகச் சேர்ந்த எவருக்கும் முதலில் வந்த பாடம் செபமல்ல, நிற்பது. கால்கள் சேர்ந்திருக்கும். உள்ளங்கைகள் நெஞ்சுக்கு நேரே குவிந்து, வலது பெருவிரல் இடதின்மேல் சிலுவையாகக் குறுக்கே கிடக்கும். அது படிந்த பிறகுதான் முழந்தாளிடப் பழக்குவார்கள். இதெல்லாம் ஆசிரியர்களின் கெடுபிடி என்றே பலரும் எண்ணியிருந்தோம். பிற்பாடு பார்த்தால், விரல் குறுக்கிடுவதுவரை திருவழிபாட்டு நூல்களிலேயே இருக்கிறது.

முழந்தாளிட வருபவர் முதலில் நடையை முழுதாக நிறுத்தவேண்டும். பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பமாகிய நற்கருணையை வைத்திருக்கும் பேழைக்கு நேரே நின்று, வலது காலைச் சற்றுப் பின்னெடுத்து, வலது முழந்தாளை இடது குதிகாலின் பக்கத்தில் நிலத்தில் வைக்கவேண்டும். முதுகும் தலையும் நிமிர்ந்தே இருக்கும். ஒரு கணம் தரித்து, இறங்கிய வேகத்திலேயே எழவேண்டும். பின்னெடுத்த கால் அதிக தூரம் போனால் உடல் முன்னே சாய்ந்து, கை தானாக வாங்கின் விளிம்பைத் தேடும். நடந்தபடியே மடக்கினால் முழந்தாள் தரையை எட்டாது. கூடவே சிலுவை அடையாளமும் போட்டால் இரண்டும் அரைகுறையாகும். ஒன்றை முடித்துத்தான் மற்றது. நீண்ட அங்கி அணிந்தவருக்கு இன்னொரு வில்லங்கம்: முழந்தாளிலிருந்து எழுந்து நேரே படியேறும்போது அங்கியின் முன்விளிம்பு காலடியில் அகப்படும். ஒரு கையால் அதைச் சற்றுத் தூக்கிக்கொண்டே படியில் கால் வைக்கவேண்டும். பவனிச் சிலுவையோ மெழுகுதிரியோ ஏந்தியவர் முழந்தாளிடுவதில்லை, தலை மட்டும் வணங்குவார்.

யாருக்கு முழந்தாள் என்பதில்தான் இன்றும் குழப்பம். அது நற்கருணைக்கு உரியது. பெரிய வெள்ளியன்று திருச்சிலுவை ஆராதனை தொடங்கியதிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு தொடங்கும்வரை அச்சிலுவைக்கும் உண்டு. வெறும் பீடத்துக்கு இடுப்பளவு குனிந்து வணங்கினால் போதும். பேழை பீடமுற்றத்தில் இருந்தால் பணியாளர்கள் பூசைக்கு வரும்போதும் முடிந்து போகும்போதும் முழந்தாளிடுவார்கள்; பூசை நடக்கையில் குறுக்கே போகும் ஒவ்வொரு முறையும் இடவேண்டியதில்லை. எல்லோரும் கண்டு ஆராதிக்கும்படி கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணை வைக்கப்பட்டிருக்கும்போது முன்னர் இரண்டு முழந்தாளும் இடுவார்கள். 1973 இல் வந்த சடங்குநூல் அங்கும் ஒற்றை முழந்தாளே என்றது. மூத்தவர்கள் சிலர் இன்னும் இரண்டையும் இடுகிறார்கள். அதைத் திருத்தப் புறப்படுவது வீண்வேலை.

சபைக்கான ஒழுங்கு இதைவிட எளிது, ஆனால் மீறப்படுவது அங்கேதான். உரோமைத் திருப்பலி நூலின் விதிகள் எல்லோரும் ஒரே நிலையில் இருப்பதை ஒற்றுமையின் அடையாளம் என்கின்றன. நற்செய்திக்கு முந்திய வாசகங்கள், மறையுரை, காணிக்கை ஆயத்தம் ஆகியவற்றுக்கு உட்காரலாம். பலி ஏற்கப்படும்படி மன்றாடக் குரு அழைத்ததும் எழுந்து, நின்றுகொண்டே பதில் சொல்லவேண்டும். பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: உட்கார்ந்தபடி பதிலை முடித்துவிட்டு எழுகிறார்கள்.

நிற்பது பக்திக் குறைவு என்று சொல்பவர்கள் 325 ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய நீசேயா சங்கத்தின் 20 ஆவது விதியைப் பார்க்கவேண்டும். ஞாயிறுகளிலும் பாஸ்கா காலத்திலும் நின்றே மன்றாடும்படி அது பணித்தது. பாஸ்கா திருவிழிப்பில் புனிதர்களின் பிரார்த்தனையை நின்றுகொண்டு பாடுவதும் இந்த மரபின் தொடர்ச்சியே. அப்பமும் இரசமும் அர்ச்சிக்கப்படும் எழுந்தேற்ற வேளையில் முழந்தாளிடுவது பொதுவிதி. இடநெருக்கடியாலோ நோயாலோ இயலாதவர், அப்பத்தையும் இரசத்தையும் அர்ச்சித்தபின் குரு முழந்தாளிடும் இரண்டு தருணங்களிலும் இடுப்பளவு குனிந்து வணங்கவேண்டும். மரம்போல் நிற்பதுதான் தவறு. அமெரிக்க மறைமாவட்டங்களில் ‘தூயவர்’ பாடல் முடிந்ததிலிருந்து நற்கருணை மன்றாட்டின் இறுதி ஆமென் வரை முழந்தாளில் இருப்பார்கள். நாடு மாறிப் போனவர் அங்குள்ள சபையோடு சேர்ந்துகொள்வதே முறை. தனியாளாக நமது பழக்கத்தை நிலைநாட்டுவது, வெளியே பக்தியாகத் தெரிந்தாலும், பொதுவழிபாட்டுக்கு ஒட்டாது.

நம்பிக்கை அறிக்கையில் ‘மனிதர் ஆனார்’ என்னுமிடத்தில் எல்லோரும் குனிந்து வணங்கவேண்டும். மார்ச் 25, டிசம்பர் 25 ஆகிய இரு விழாக்களில் அதே இடத்தில் முழந்தாள். ஆண்டில் இரண்டு தடவைதான் வருவதால், முன்வரிசையில் விஷயம் தெரிந்த நாலு பேர் இல்லாவிட்டால் சபை முழுதும் தவறவிட்டுவிடும்.

குருத்து ஞாயிறிலும் பெரிய வெள்ளியிலும் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நீண்ட வாசகத்தின்போது மயங்கி விழுகிறவர்கள் உண்டு. முழங்காலைப் பூட்டியதுபோல் விறைத்து நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்குப் போவது குறையும். முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, பாதத்தையும் கெண்டைக்காலையும் அவ்வப்போது அசைக்கவேண்டும். வெறும் வயிறு இதை மோசமாக்கும். நற்கருணை உட்கொள்ளுமுன் இன்று கேட்கப்படும் உபவாசம் ஒரு மணிநேரமே. தண்ணீரும் மருந்தும் அதை முறிக்காது; முதியோருக்கும் நோயாளருக்கும் அதுகூடக் கட்டாயமில்லை.

நன்மை, அதாவது நற்கருணை, வாங்கும்போது வணக்கம் செய்யவேண்டியது முன்னால் நிற்பவர் வாங்குகிற நேரத்தில். நம் முறை வந்தபின் குனிந்தால் வரிசை தடைப்படுவதோடு, நீட்டிய கையில் தலை மோதவும் கூடும். கையில் வாங்குபவர் இடக்கையை மேலும் வலக்கையை அடியிலும் தட்டையாக விரிக்கவேண்டும். குருவின் விரலிலிருந்து பிடுங்கக்கூடாது. அங்கேயே உட்கொண்டு, உள்ளங்கையில் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையும் உட்கொண்டபின்தான் நகரவேண்டும். நாவில் வாங்குபவர் தலையைச் சற்று நிமிர்த்தி வாயை நன்றாகத் திறக்கவேண்டும். முழந்தாளிட்டார் என்பதற்காகவோ நின்றார் என்பதற்காகவோ எவருக்கும் நன்மை மறுக்கமுடியாது என்று 2004 இல் உரோமை தெளிவாக எழுதிவிட்டது.