பியானோவின் முன் அமர்ந்து கேட்பது

வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதப்பட்ட படைப்பான வயலின் சொனாட்டாவை இருவர் வாசிக்கும்போது, வயலின் கலைஞரின் முன்னே இருப்பது அவருக்குரிய வரி மட்டுமே. பியானோ கலைஞரின் இசைத்தாளிலோ தம் இரு கைகளுக்குரிய வரிகளுக்கு மேலே வயலினின் வரியும் அச்சாகியிருக்கும். மும்பையில் பாடகர்களோடும் வயலின், செல்லோ (வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த ஒலி தரும் வில் வாத்தியம்) கலைஞர்களோடும் சேர்ந்து வாசிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இத்தொழிலின் பொறுப்பு முழுவதும் அந்த அச்சு அமைப்பிலேயே தெரிகிறது. முழு இசையையும் கண்ணால் காண்பவர் மேடையில் பியானோ கலைஞர் ஒருவரே என்பதால், எவ்விடத்தில் எவர் முன்னே வர வேண்டும் என்ற கணக்கும் பெரும்பாலும் அவரிடமே வந்து சேர்கிறது.

மும்பையில் தமிழர்கள் மிகுந்த மாட்டுங்காவில் வளர்ந்தவள் என்பதால், என் காது முதலில் பழகியது கர்நாடகக் கச்சேரியின் பக்கவாத்தியத்துக்கு. ஆலாபனையில் வயலின் கலைஞர் பாடகருக்குச் சற்றே பின்னால் வருவார்; அந்தப் பின்தொடர்தலே அங்கே அழகு. பியானோவில் அப்படித் தொடர முடியாது, ஏனெனில் எழுதப்பட்ட இரண்டு ஸ்வரங்களும் ஒரே கணத்தில் ஒலித்தாக வேண்டும். ஆகவே பாடகர் மூச்சை உள்ளிழுக்கும் அளவையும், வில் நரம்பைத் தொடுவதற்கு முன் கை அசையும் வேகத்தையும் கொண்டே, ஒலி பிறக்கும் முன்பு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஜெர்மன் பாடல்களில் இது இன்னும் நுட்பமாகிறது. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மூன்று மெய்யொலிகள் சேர்ந்து வரும்போது, பாடகர் அவற்றைத் தாளத்துக்குச் சற்று முன்பே உச்சரித்துவிட்டு உயிரொலியைத் தாளத்தில் வைப்பார். என் கார்ட், அதாவது நான் ஒருங்கே அழுத்தும் ஸ்வரங்களின் தொகுப்பு, அந்த உயிரொலியோடு சேர வேண்டும். எனவே பாடலின் சொற்களை வாய்விட்டுப் படித்துப் பழகாமல் நான் ஒத்திகைக்குச் செல்வதில்லை.

ஒலியின் சமநிலை குறித்துத்தான் அதிகம் வாதிட நேர்கிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் பியானோவுக்கும் செல்லோவுக்கும் 1865இல் எழுதி முடித்த இ மைனர் சொனாட்டாவில் செல்லோ தன் மிகத் தாழ்ந்த நரம்பில் தொடங்குகிறது. இறுதிப் பகுதியிலோ பியானோ அடர்ந்து ஒலிக்கும்போது செல்லோ எளிதில் மூழ்கிவிடும். பியானோவின் மூடியைத் தாழ்த்தினால் போதும் என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அது ஒலியை மங்கச் செய்யுமே தவிர தெளிவாக்காது. இடக்கையின் எடையைக் குறைத்து, ஒலியை நீட்டிக்கும் பெடலை ஆழமாக மிதிக்காமல் அடிக்கடி விட்டு மிதித்தால், மூடி முழுதாகத் திறந்திருக்கும்போதும் செல்லோ கேட்கும். இதற்கு உழைப்பு அதிகம்; ஆனால் பிராம்ஸ் தாமே பியானோவை முதலில் குறிப்பிட்டுத் தலைப்பிட்ட படைப்பில், பியானோவை ஒளித்து வைப்பது அவர் எழுதியதைக் குறைப்பதாகும்.

தேர்வுகளுக்கும் ஒத்திகைகளுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவின் பங்கைப் பியானோவுக்குச் சுருக்கி எழுதிய தாள்களையும் வாசிக்கிறேன். அவற்றில் எல்லா ஸ்வரங்களையும் அடிக்க முயல்வது வீண். தனி வாத்தியக்காரருக்குத் தேவையான தாழ்ந்த ஸ்வரங்களையும் தாளத்தையும் காத்தால் போதும்.

இந்நகரின் மழைக்காலம் தனிச் சிக்கல். ஈரத்தில் பியானோவின் ஒலிப்பலகை உப்பி, சுருதி ஏறிவிடுகிறது, அதுவும் எல்லா ஸ்வரங்களிலும் ஒரே அளவில் ஏறுவதில்லை. வயலினையும் குரலையும் நொடியில் திருத்தலாம், பியானோவை வாசித்துக்கொண்டே திருத்த முடியாது. ஆகையால் மற்றவர்கள் அதன் சுருதிக்கே வர வேண்டும். சுருதி சேர்க்கும்போது ஏ ஸ்வரத்தைத் தனியாகக் கொடுக்காமல் டி மைனர் கார்டுக்குள் வைத்துக் கொடுத்தால், நரம்பிசைக் கலைஞர்களின் காது அதை எளிதில் பற்றிக்கொள்கிறது.

என்னிடம் இதைக் கற்க வரும் இளையோருக்கு முதலில் தரும் பயிற்சி, இடக்கையால் தங்கள் வரியை வாசித்தபடி வயலினின் வரியைப் பாடுவது. விரல் வேகம் மிக்கவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். பாடப் பழகியபின், எவ்விடத்தில் ஒலியைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்க நேர்வது அரிது.